அரிசி என்ன செய்யும்

அந்த மாத்திரைய மட்டும் உள்ள வை பிள்ள. வெளிய எடுக்காத. பிரஷர் பாக்கணுமா, பாரு. சுகருக்கு விரல்ல குத்தணுமா, இந்தா குத்து. எல்லாத்துக்கும் கைய நீட்டுதேன்ல. அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும் இந்த வீட்டு நடைக்குள்ள வரப்பிடாது. டாக்டரம்மா எழுதிக் குடுத்தா எழுதிக் குடுக்கட்டும். அவளுக்கென்ன, எழுதுற கை. முழுங்குற தொண்டை என்னுதுல்லா.

ஏன் நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு. உனக்கு முன்னால ஆஸ்பத்திரில இருந்து வந்துக்கிட்டிருந்த பிள்ள வாசல்லயே நின்னு மாத்திரையக் குடுத்துட்டு ஓடிரும். உள்ள வரப் பயம். யாரு என்ன சொல்லி வச்சாவளோ. ஊர்வாய மூட உலைமூடி உண்டா? நீ புதுசு. பேரு என்ன சொன்ன, முப்பிடாதியா. நல்ல பேரு. ஏ, அந்த மாடிப்படில உக்காராத தாயி. இந்தா, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. அது அவிய உக்காருத படி.

அவியன்னா என் வீட்டுக்காரர்தான். அந்தா படத்துல இருக்காவல்லா. உங்க அப்பாட்ட கேட்டுப் பாரு, லைன்மேன் நயினார்னா இந்த அம்பாசமுத்திரத்துல தெரியாத ஆள் கிடையாது. காத்து மழைன்னா ஊரே கதவப் பூட்டிக்கிட்டு உள்ள கெடக்கும், அவிய மட்டும் கரண்டுக் கம்பத்து மேல கெடப்பாவ. ஏணி கேக்க மாட்டாவ. அந்தக் காலப் பாத்திருக்கணும் நீ. ஆடுசதை ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும். அந்தக் கால்தான் கடைசில என்னைக் கைவிட்டுட்டு.

ரிட்டயர் ஆன பொறவு நெஞ்சு வலின்னு சொன்னாவ. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அடைப்பு இருக்குன்னு கம்பி வச்சாவ. கம்பிய வச்சிட்டு ஒரு மாத்திரையும் குடுத்தாரு டாக்டர். கொலஸ்ட்ரால் மாத்திரை, ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு, ஆயுசுக்கும் நிப்பாட்டக் கூடாதுன்னாரு. நான் நிப்பாட்டலயே. ஒரு நாள் கூட விடல. கல்யாண வீடு, எழவு வீடுன்னு எங்க போனாலும் என் மணிபர்சுல அந்த மாத்திரை இருக்கும். அத நீ எங்க வேணாலும் விசாரிச்சுக்கலாம்.

அப்பதான் அடுத்த தெரு பொன்னுத்தாய் டீச்சர் என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனா. கேள்விப்பட்டிருப்ப. கம்பெனி ஒண்ணு, பேரு என்னத்துக்கு இப்ப. எல்லாம் இயற்கை, எல்லாம் மூலிகை. நாமளும் சாப்பிடணும், நாலு பேரச் சேத்தும் விடணும். அடுப்படிய விட்டு நான் அன்னைக்குத்தான் வெளிய வந்தேன்னு வச்சுக்க. நாலே மாசத்துல எனக்குக் கீழ ஒரு பெரிய கூட்டமே சேந்துட்டு. உலகம்மாள் மேடம்னு கூப்பிடுவாளுவ. மேடமாம். எங்க வீட்டு அவியகூட கேலிக்கு, 'மேடம், காப்பி கிடைக்குமா'ன்னு கேப்பாவ.

கொலஸ்ட்ராலுக்குன்னே ஒரு கேப்சூல் உண்டு. மருந்தெல்லாம் கிடையாது, கேட்டுக்க. சிவப்பரிசி. சிவப்பரிசியப் புளிக்க வச்சு, காய வச்சு, பொடிச்சு, கூட்டுல அடைச்சது. சீன தேசத்துல ஆயிரம் வருசமா சாப்பிடுதாவளாம். மேடையில சொன்னாவ. எங்க அம்மா வீட்டுல சிவப்பரிசிப் புட்டு தின்னுதானே நான் வளந்தேன். எனக்கு என்ன செஞ்சிட்டு? அரிசி என்ன செய்யும்?

அவியளுக்கு கேப்சூல் பெருசா இருந்துச்சு, தொண்டைல நிக்குதுன்னாவ. சரின்னு காலையில குடிக்கிற கஞ்சியில கூட்டப் பிரிச்சுக் கொட்டிக் கலக்கிக் குடுத்தேன். முதல் நாள் சொல்லல. ரெண்டு வாய் குடிச்சுட்டு டம்ளர உள்ள பாத்தாவ. கஞ்சி செவந்து கெடக்கு. என்னைப் பாத்தாவ. நான் அடுப்பப் பாத்துக்கிட்டேன். ஒண்ணும் கேக்காம மிச்சத்தையும் குடிச்சுட்டாவ. அதான் அவிய குணம். என்னைக் கட்டுன நாள்ல இருந்து நான் குடுத்தத ஒரு நாளும் வேண்டாம்னது கிடையாது. உப்பு கூடுனாலும் சொல்ல மாட்டாவ, தண்ணியக் கூடக் குடிச்சுக்கிடுவாவ.

அடுத்த டெஸ்டுல கொலஸ்ட்ரால் மளமளன்னு இறங்கிட்டு. டாக்டரே கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. ரொம்ப நல்லா இருக்கு, இதே மாதிரி இருங்கன்னாரு. எதனால இறங்குச்சுன்னு எனக்குத் தெரியும். நான் சிரிச்சுக்கிட்டே வாயத் திறக்கல. அந்த ஆளு நாட்டு மருந்துன்னாலே ஏசுவாரு. எங்களுக்கு முன்னால உள்ள போன ஒரு சேரன்மாதேவிக்காரர, ஏதோ லேகியம் சாப்பிட்டேன்னு சொன்னதுக்கு, வெளிய உக்காந்திருக்க எங்களுக்கெல்லாம் கேக்குத மாதிரி வஞ்சு அனுப்புனாரு. வயசான மனுசன் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்தாரு. அந்த அவமானம் நமக்கு எதுக்கு?

திருநெல்வேலியில மண்டபத்துல பெரிய கூட்டம் போட்டாவ. பலன் அடைஞ்சவங்க மேடையேறிச் சொல்லணும். நான் அவியளக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளை வேட்டி சட்டை, நானே இஸ்திரி போட்டது. என்ன பேசணும்னு பஸ்ஸுல வரும்போதே சொல்லிக் குடுத்தேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ. மேடைப்படி ஏற முடியாம, பக்கத்துல இருந்த நாற்காலியப் பிடிச்சாவ. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கம்பம் ஏறுன மனுசனுக்கு மேடை ஏறக் கூச்சமா பாருன்னு பொன்னுத்தாய் டீச்சர்ட்ட சொன்னேன். மைக்கக் கையில குடுத்தா, சொல்லிக் குடுத்தது ஒண்ணும் வரல. 'எங்க வீட்டுல குடுத்தா, நான் குடிச்சேன்'னாவ. அவ்வளவுதான். மண்டபமே சிரிச்சுக் கை தட்டுச்சு. எனக்குச் சால்வை போட்டாவ. அந்தா, சாமி படத்துக்குக் கீழ மடிச்சு வச்சிருக்கேன் பாரு, அதுதான்.

அதுக்குப் பொறவுதான் கால் வலின்னு ஆரம்பிச்சாவ. தொடை வலிக்கு, உலகு. தோள்பட்டை வலிக்கு, உலகு. படியேற முடியலன்னு இந்தப் படியில, இதே கீழ்ப்படியில உக்காந்துருவாவ. மாடிக்குப் போயி தொட்டி நிரம்பிட்டான்னு பாக்கது அவிய வேலை. பாதியில திரும்பி வந்து உக்காந்து, கால் மூட்ட ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருப்பாவ. நான் கூட்டத்துல கேட்டேன். நல்லதும்மா, பயப்படாதீங்க, உடம்புல இருக்க கழிவெல்லாம் வெளிய போறதுக்கு முன்னால வலிக்கத்தான் செய்யும், வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், இப்ப விட்டுட்டீங்கன்னா எல்லாம் வீணாப் போயிரும்னாவ. அதனால நான் ஒண்ண ரெண்டாக்கினேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாவ. நான் அளந்துதான் போட்டேன் பிள்ள. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ராத்திரி டாக்டர் மாத்திரை. இதவிட எவ ஒருத்தி பாத்துருவா, சொல்லு.

சிறுநீர் கறுத்துப் போச்சு. கருப்பட்டிக் காப்பி மாதிரி. ஒரு நா கூப்பிட்டு, 'ஏளா, இத வந்து பாரு'ன்னாவ. நான் போயிப் பாத்துட்டு, கழிவுதான் போகுது, நல்லதுக்குத்தான்னேன். 'அப்படியா'ன்னாவ. நான் சொன்னா அவியளுக்கு அது போதும்.

மறுநாள் கட்டில விட்டு எந்திரிக்க முடியல. பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுத் தூக்கிக் கார்ல போட்டோம். தூக்கும்போது தொடையத் தொட்டாலே முனகுதாவ. அந்த முனகல்... சரி விடு. நான் அழல. இது கண்ணு எரிச்சல், அடுப்புல மிளகா வத்தல் கெடக்கு.

ஆஸ்பத்திரில வேற ஒரு டாக்டர். சின்ன வயசு. ரத்தத்தப் பாத்துட்டு என்னக் கூப்பிட்டாரு. தசை கரைஞ்சுக்கிட்டு இருக்கும்மா, அது போயிக் கிட்னிய அடைக்குதுன்னாரு. தசை கரையுதா? மனுசன் என்ன வெல்லக் கட்டியா கரைய? கொலஸ்ட்ரால் மாத்திரையால சில பேருக்கு இப்படி ஆகும், ஆனா இவருக்கு இருக்கது குறைஞ்ச அளவு மாத்திரை, இவ்வளவு தூரம் வராது, வேற என்னமும் சாப்பிட்டாரா, நாட்டு மருந்து, பொடி, கேப்சூல், எதுனாலும் சொல்லுங்கன்னு கேட்டாரு. கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னு அவியளையும் வச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு.

நான் ஒண்ணும் இல்லன்னேன். டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை, வீட்டுச் சாப்பாடு, வேற ஒண்ணும் இல்ல. பொய்யா? அரிசி சாப்பாடுதானே. சோறு திங்காரா, கஞ்சி குடிக்காரான்னா கேட்டாரு? மருந்துதானே கேட்டாரு. மருந்து இல்லன்னேன். பக்கத்துக் கட்டில்ல, கம்பெனில எனக்குக் கீழ இருக்க ஒருத்தியோட மாமியா வேற படுத்துக் கெடக்கா. காத நீட்டிக்கிட்டு. மேடம் வீட்டுக்காரருக்கே இப்படியாம்னு வெளிய போயிருச்சுன்னா, அத்தனை பேரும் விட்டுட்டு ஓடிருவாளுவ.

அப்ப அவிய கைய மெத்தைல இருந்து கொஞ்சம் தூக்குனாவ. டாக்டரப் பாத்து வாயத் திறந்தாவ. என்னமோ சொல்ல வந்தாவ. நான் அந்தக் கையப் பிடிச்சு அமுக்கி, பேசாதீய, மூச்சு வாங்குதுன்னேன். மூச்சு வாங்கத்தான் செஞ்சுது பிள்ள, நான் என்ன இல்லாததையா சொன்னேன். வாய மூடிக்கிட்டாவ. என்னையே பாத்தாவ. கோவம்னா எனக்குத் தெரியும், வலின்னா தெரியும், எத்தன வருசம் கூட இருந்திருக்கேன். இது ரெண்டும் இல்ல. அது என்ன பார்வைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

மறுநாளும் அந்தச் சின்ன டாக்டர் வந்து, யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னாரு. நாளுக்கு ஒரு தரம் கேட்டா பதில் மாறுமா? மாத்திரைய உடனே நிப்பாட்டிட்டாரு. ஆயுசுக்கும் நிப்பாட்டக் கூடாதுன்னு ஒருத்தர், உடனே நிப்பாட்டுன்னு ஒருத்தர். கொலஸ்ட்ரால் ஏறி, வச்ச கம்பி அடைச்சுப் போச்சுன்னா? அதான், வீட்டுல இருந்து பிளாஸ்குல கஞ்சி கொண்டு போனேன். ஆமா, போட்டுத்தான். இந்த நேரத்துல இதையும் விட்டுட்டா மனுசன் எதத் தாங்கிப் பிழைப்பாவன்னு நினைச்சேன். ஸ்பூனால ஊட்டுனேன். ரெண்டு நாள் குடிச்சாவ. அதுக்கு அடுத்த நாள் உதட்ட இறுக்கி மூடிக்கிட்டாவ. நான் குடுத்தத ஒரு நாளும் மறுக்காத மனுசன். செல்லமா அதட்டி, தாடையப் பிடிச்சு, ஒரு டம்ளர் உள்ள போற வரைக்கும் விடல. கண்ணுல தண்ணி ஓடுச்சு. துடைச்சு விட்டேன்.

கிட்னிக்கு மெஷின் வச்சாவ. மாத்திரைய நிப்பாட்டிட்டா ரத்தத்துல ஏறிக் கெடக்க தசைக் கழிவு இறங்கிரும்னு டாக்டர் சொன்னாரு. இறங்கல. நிப்பாட்டுன பொறவும் இறங்கல. ஏன் இறங்க மாட்டேங்குதுன்னு அவருக்கே குழப்பம். அப்ப அந்த மாத்திரை எவ்வளவு விஷமா உள்ள ஊறியிருக்கும், நீயே சொல்லு. அதுதான் என் ஆளக் கொன்னுச்சு. அதனாலதான் சொல்லுதேன், அத வீட்டுக்குள்ள கொண்டு வராதன்னு.

எம் மவ கோமு இருக்காளே, ஓசூர்ல. அவியளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கு அடுப்படில வந்து நிக்கா. கையில அந்தக் கேப்சூல் டப்பா. 'எம்மா, இத டாக்டர்ட்ட காட்டினியா?' காட்டலன்னேன், அரிசியக் கொண்டு போயி எதுக்குக் காட்டணும். 'மாத்திரையில இருக்க சரக்குதாம்மா இதுலயும் இருக்கு. ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டா கால் சதை போயிரும். ஆஸ்பத்திரிலயும் இதக் குடுத்தியா? சொல்லு, அங்கயும் குடுத்தியா?' அரிசிக்குள்ள மாத்திரை எப்படிட்டி போவும்னு கேட்டேன். அவ அப்படியே தரையில உக்காந்து அழுதா. அன்னைக்குப் போனவதான். போன் எடுக்க மாட்டா. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. அப்பன் போன துக்கத்துல யாரையாவது குறை சொல்லணும், நான்தான் கிடைச்சேன். அந்த டப்பாவையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டுப் போனா. நான் எடுத்துக் கழுவி வச்சிருக்கேன்.

நானும் சாப்பிடுதேன், ஆமா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எனக்கு ஒண்ணும் ஆகலயே. கால் கொஞ்சம் உளையுது, அது வயசு.

என்ன பிள்ள அந்தப் படியவே பாக்க? முன்ன வந்தவளும் வாசல்ல நின்னு இப்படித்தான் பாப்பா. ஆமா, அவிய வாராவ. இருக்கத இருக்குன்னுதான் சொல்லணும். விடியக்காலம் நான் அடுப்படில லைட்டப் போட்டதும் அந்தக் கீழ்ப்படில உக்காந்திருப்பாவ. வெள்ளை வேட்டி. மூட்டப் பிடிச்சுக்கிட்டு. எனக்குப் பயம் கிடையாது. கட்டுன புருசன்ட்ட என்ன பயம்? என்னைப் பாத்து மெதுவா வாயத் திறப்பாவ. திறந்தபடியே இருப்பாவ. சத்தம் வராது. பசிக்குதோன்னு கஞ்சி வச்சேன், பொடி போட்டு. வெயில் வார வரைக்கும் அப்படியே இருந்துச்சு, மேல ஆடை படிஞ்சு. பொடி பிடிக்கலையோன்னு வெறுங்கஞ்சி வச்சேன். தொடல. காப்பி வச்சேன், வெத்திலை வச்சேன். கோமுவத் தேடுதாவளோன்னு அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது எடுத்த போட்டாவக் கொண்டாந்து காட்டினேன். அதப் பாக்கவே இல்ல. என்னையத்தான் பாக்காவ. அதே பார்வை. என்னதான் வேணும், வாயத் திறந்து கேட்டாத்தானே தெரியும்னு ஒரு நாள் அழுதுட்டேன். எத்தன தரம் கும்பிட்டுக் கேட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. இந்த வீட்டுல என்கூட ஒரு வார்த்தை பேச யாரு இருக்கா, சொல்லு.

நேத்துக் காலையில குரல் வந்துட்டு.

நெசமா வந்துட்டு பிள்ள. கம்பத்து மேல நின்னு கூப்பிட்டா நாலு தெருவுக்குக் கேக்கும்லா, அந்தக் குரல். எம்புட்டு நாளா ஏங்கிக் கெடந்த குரல். என்னைப் பாத்துக்கிட்டேதான் ஆரம்பிச்சாவ. ஆனா என்னைக் கூப்பிடல. உலகுங்கல, ஏளாங்கல. 'டாக்டரய்யா'ன்னாவ.

நான் மிக்சியப் போட்டுட்டேன்.

அந்தச் சத்தத்துல அதுக்கு மேல என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியாது. வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அது மட்டும் தெரிஞ்சுது. ஜார்ல ஒண்ணும் போடல. வெறும் ஜார்தான். மோட்டார் கருகுத வாடை அடிச்சுது, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவத் தட்டினா, அப்பவும் நான் கைய எடுக்கல.